என் பெயரில் நீ எழுதிய பதில்கள்

என்னைப் பொறுத்துப் போனவளுக்கு,

நலமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

நான் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை நேற்று திறந்தார்கள். தபாலில் குடையும் கடிகாரமும் தையல் மிஷினும் விற்றவனை மேடையில் வள்ளல் என்றார்கள். நீ அங்கே இருந்திருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாய்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மாள் பழைய கடிதம் ஒன்றோடு வந்தார். கணவர் இறந்த மாதம், நம்மிடம் வாங்கிய தையல் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினாராம்.

"அவசரப்படாதீங்க, முதல்ல ஒரு தலையணை உறை தைச்சுப் பாருங்கன்னு எழுதினீங்க. அந்த மிஷின வச்சுத்தாங்க ரெண்டு பிள்ளைகளையும் கரையேத்தினேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடிதம் முழுக்க உன் கையெழுத்து. அடியில் மட்டும் என் பெயர்.

வந்த கடிதங்களுக்கெல்லாம் நீதான் பதில் எழுதினாய். போன வருடம் என் அண்ணன் எதிரில், "கம்பெனிக்காக நீ என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டேன். மறுநாள் நீ உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

"இத எழுதினது நான் இல்லம்மா, என் வீட்டுக்காரி" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "அவங்க வரலையா?"

ஊரில் இல்லை என்றேன். உன் பெயரைக் கேட்டுக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. நமக்கு வந்த அத்தனை ஆயிரம் கடிதங்களில் உன் பெயருக்கு வந்தது இது ஒன்றுதான்.

பதில் எழுதினால் உன் பெயரையே போடு.

இப்படிக்கு,
உன்னைக் கட்டிக்கொண்டவன்