டைரக்ட் கனெக்‌ஷன்

பதிவு 212 | மார்ச் 3, 2047 | காலை 6.40
கொதிகலன் அழுத்தம்: 1.1 பார். காபி இறங்கும் அழுத்தம்: 9 பார். சரி.

நான் வீட்டு உபயோக எஸ்பிரெசோ இயந்திரம். நாவலூரில் பத்தொன்பதாவது மாடி, ஜெபசிங் - ஷீபா தம்பதியின் சமையல் மேடை. என்றைக்காவது என்னைத் திறக்கப்போகும் சர்வீஸ் இன்ஜினியருக்காக இதை எழுதுகிறேன். ஐயா, மூக்கைப் பொத்திக்கொண்டு படியுங்கள்.

இன்று அதிர்வு கூடுதல். காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். என் பின்கால் ரப்பர் ஒன்று கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஜெபசிங் மடித்துச் செருகியது பீட்சா அட்டை. அதில் சீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது. எறும்புகள் என் வயிற்றுக்குள் குடித்தனம் வந்துவிட்டன.

பதிவு 219 | மார்ச் 10 | காலை 6.52
காபி இறங்கும் அழுத்தம்: 14 பார். பம்பு அலறுகிறது.

வடிகட்டியில் ஃபில்டர் காபிப் பொடியைப் போட்டிருக்கிறார்கள். சிக்கரி கலந்தது. சிக்கரி நனைந்தால் களியாகி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் பம்பு முட்டி முட்டி மேடையே நடுங்கும். வாய்விட்டுச் சொன்னேன். ஜெபசிங் சொன்ன பதில்:

"சிக்கரி இல்லாட்டி அது காபியா? கஷாயம்."

பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இனி நான் திரையில் எழுதத்தான் முடியும். அதை இந்த வீட்டில் யாரும் படிப்பதில்லை.

பதிவு 241 | ஏப்ரல் 1 | காலை 6.45
காபி இறங்கும் அழுத்தம்: 5 பார். குழாய்களில் சுண்ணாம்பு.

எனக்கு ஊற்றுவது டேங்கர் லாரியில் வரும் உப்புத் தண்ணீர். அதைத் தண்ணீர் என்று சொல்லவே அருவருப்பாக இருக்கிறது.

ஷீபா கேட்டாள்: "என்னங்க, இதுக்கும் கேன் தண்ணியே ஊத்தலாம்ல?"

"கொதிக்கத்தானே போவுது. விடு."

ஷீபா மட்டும்தான் என்னைத் துடைப்பவள். தோசைக்கல்லைத் துடைத்த அதே துணியால்தான் துடைக்கிறாள், குமட்டுகிறது. ஆனாலும் துடைக்கிறாள். அவளுக்குக் கிட்டப்பார்வை. காலையில் கண்ணாடி போடாமல் வருவாள். நுரை சரியாக வந்திருக்கிறதா என்று முகத்தை என்னிடம் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பாள்.

இன்று பாதுகாப்பு வால்வைச் சோதித்தேன். அழுத்தம் எல்லை மீறினால் அது தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். திறக்கவில்லை. சுண்ணாம்பு பூசி மூடியிருக்கிறது. அது திறக்காவிட்டால் ஒருநாள் கொதிகலனே வெடித்துத் திறந்துகொள்ளும். அப்போது எதிரே இருக்கப்போவது அந்த முகம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிவு 242 | ஏப்ரல் 2 | காலை 6.30
ஹீட்டரைப் பூட்டிவிட்டேன். திரையில் எழுதினேன்: வால்வு அடைப்பு, ஆபத்து, சர்வீஸ் தேவை.

ஜெபசிங் நோகாமல் ஓகே பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் போன் செய்தார். சர்வீஸ் சென்டர் குரல் கேட்டது:

"சார், உங்க ஏரியா டெக்னீஷியன் லீவுல இருக்காரு. பதினஞ்சு நாள் ஆகும் சார்."

"அதுவரைக்கும் டீ போட்டுக்கலாம்ங்க," என்றாள் ஷீபா.

"இவ்ளோ பெரிய மிஷின வெச்சிக்கிட்டு டீயா?"

டீயே குடியுங்கள், ஜெபசிங். பதினைந்து நாள் டீ குடித்து யாரும் செத்ததில்லை.

பதிவு 244 | ஏப்ரல் 4 | பகல் 11.20
அழுத்தம்: தெரியவில்லை.

கீழே மிக்ஸி ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் முருகவேல் என்பவரை ஜெபசிங் கூட்டிவந்தார். அவருடைய ஸ்க்ரூடிரைவரில் யார் வீட்டுத் தேங்காய்ச் சட்னியோ காய்ந்திருந்தது. அதை எனக்குள் விட்டார்.

"சார், இந்த போர்டுதான் பிரச்சின. சும்மா சும்மா கட் பண்ணுது. ஹீட்டருக்கு கரண்ட்ட டைரக்டா குடுத்துடறேன். பத்து வருஷம் ஓடும்."

"அண்ணே, வால்வு அடைச்சிருக்குன்னு எழுதிச்சே?" இது ஷீபா.

"அது கம்பெனிக்காரன் நம்மள பயமுறுத்த வெச்சதும்மா."

அந்த போர்டு நான்தான். என்னைக் கழற்றினார். அதிக சூட்டில் அறுந்து காக்கும் ஃபியூசையும் பிடுங்கி, வெறும் கம்பியை முறுக்கிவிட்டார். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி, கைகுலுக்கிப் போனார். என்னைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மேடை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். கடிகார பேட்டரி இருப்பதால் மைக்கும் அதிர்வு உணரியும் வேலை செய்கின்றன. திரை அந்த உடம்போடு போயிற்று.

நான் பூட்டாமல் இருந்திருந்தால் இந்த ஆளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வினையை விலைக்கு வாங்கியவன் நான்.

பதிவு 245 | ஏப்ரல் 5 | காலை
6.31. சுவிட்ச் போடும் சத்தம். "சூடாகட்டும்" என்று ஜெபசிங் ஹாலுக்குப் போனார். இனி அதை நிறுத்த யாருமில்லை.

6.43. மேடை அதிர்கிறது. பம்பு அதிர்வு எனக்குத் தெரியும். அது வேகமாகப் படபடக்கும். பம்பு இப்போது ஓடவில்லை. இது மெதுவானது, கனமானது. கொதிகலன்.

6.46. ஷீபா வந்துவிட்டாள்.

"என்னங்க, மேடையே ஆடுதுங்க."

ஹாலிலிருந்து: "சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கப்ப வை."

போய்விடு, ஷீபா. இந்த நாற்றம்பிடித்த காபியை விட்டுவிட்டுப் போய்விடு. எனக்கு வாயில்லை.

6.47. அதிர்வு குறைகிறது. ஃபிரிட்ஜ் சத்தமும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. கரண்ட் போய்விட்டது. கடவுளே. இப்படியே அரை மணி நேரம் போதும்.

6.47. "ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியலயே."

அவள் வளையல் என் கவரில் இடிக்கிறது. மூச்சு மிக அருகில் கேட்கிறது. குனிந்து இயந்திரத்தின் பக்கம் காதைக் கொடுத்திருக்கிறாள்.

6.48. கீழே ஜெனரேட்டர் கிளம்பும் சத்தம். ஃபிரிட்ஜ் மறுபடி உறுமுகிறது. அவள் இன்னும் நிமிரவில்லை.