சுவிட்சை அணைத்த பிறகும்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு நாள் மழை. மண் பதமாக இருக்கிறது. பத்து நாளுக்குள் உழுதாக வேண்டும், விட்டால் மறுபடி பாறைதான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் டிராக்டர் கேட்டு மூன்றாவது தடவையாகப் போய் வந்தேன். "பாக்கலாம்மா" என்கிறார். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

எங்கள் டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. என்னைவிட எட்டு வயது மூத்தது, முன்னால் ஹேண்டில் சொருகிச் சுற்றிக் கிளப்புகிற வண்டி. நவம்பரில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து யாரும் தொடவில்லை. "அந்தச் சனியனை இரும்புக்குப் போட்டுடு" என்கிறார் அண்ணி. வண்டி என்ன செய்யும்? சுவிட்சை அணைக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் எந்த வண்டியும் திருப்பி அடிக்கத்தான் செய்யும்.

இதை எழுதும்போதும் அவர்மேல் கோபம்தான் வருகிறது. முப்பது வருஷம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்திய மனுஷன். ஒரு சுவிட்ச்! அதை அணைக்க மறந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 4

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இந்த மாதிரி எத்தனையோ தடவை ஆகிவிட்டது.

மார்ச் 7, சனி

அண்ணன் டிராக்டர் மெக்கானிக். இந்த வண்டிக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவர் போன பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை. "பட்டறையையும் பாதி நாள் பூட்டிப் போட்டுடறார், சரியா சாப்பிடறதும் இல்ல" என்று அண்ணி சொல்கிறார். மாப்பிள்ளை, மச்சான் என்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுத் திரிந்தவர்கள். துக்கம் அவனுக்கும் இருக்கும்.

சரி, நானே பார்க்கிறேன் என்று கொட்டகையைத் திறந்தேன். சீட்டில் பாதியை எலி தின்றிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அவருக்கு டார்ச் பிடித்திருக்கிறேன். "வெளிச்சத்த என் கையில அடி, உன் மூஞ்சில அடிச்சுக்காத" என்பார். டார்ச் பிடிப்பவளுக்கு எல்லாம் தெரியும். கையில் எண்ணெய் படாது, அவ்வளவுதான்.

நாலு பிளக்கையும் கழற்றினேன். ஒன்றை மட்டும் அதன் ஒயரோடு சேர்த்து இன்ஜின்மேல் படுக்க வைத்து, நகராமல் துணிக்கிளிப் போட்டேன். பிளக் இல்லாத இன்ஜின் அடிக்காது. தெரியும். தெரிந்தும் ஹேண்டிலைத் தொடக் கால்மணி நேரம் ஆனது. யாரோ அதைக் கழுவி வைத்திருந்தார்கள்.

சுற்றினேன். பிளக்கில் பொறி இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னட்டோவின் மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பாயிண்ட், சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும். அவை ஒட்டிப் பிரியும்போதுதான் பொறி. கொட்டகை ஒழுகி இரண்டிலும் கறுப்பாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைத்தேன். இடைவெளியை அவருடைய அளவுத் தகட்டை வைத்தே சரிபார்த்தேன்.

சுற்றினேன். டக். பிளக் நுனியில் நீலமாக ஒன்று.

கைதட்டிவிட்டேன். பார்க்க யாருமில்லை, நல்லவேளை.

இன்றைக்குப் போதும் என்று சுவிட்சை அணைத்தேன். ஹேண்டிலை உருவப் போனால் சிக்கிக்கொண்டது. கொஞ்சம் திருப்பினேன். டக். நீலம்.

சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மறுபடி திருப்பினேன். டக். ஒரு பத்துத் தடவை சுற்றியிருப்பேன் — பத்துத் தடவையும்.

இந்த வண்டிச் சுவிட்ச் வீட்டு விளக்குச் சுவிட்ச் மாதிரி இல்லை. மேக்னட்டோ சுற்றினாலே மின்சாரம் வரும். சுவிட்சை அணைத்தால் அது ஒரு ஒயர் வழியாக இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும், பிளக்குக்குப் போகாது. அந்த ஒயர் மேக்னட்டோவில் மாட்டியிருந்தால்தான் சுவிட்சுக்கு வேலை. இல்லையென்றால் அது சும்மா ஒரு பொம்மை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மாட்டவில்லை. முனை பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நட்டும் வாஷரும் கருவிப்பெட்டித் தட்டில் இருந்தன. துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக.

அப்படி அடுக்கி வைப்பது அண்ணன்.

சாயங்காலம் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "ஏம்மா குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். தூசி என்றேன்.

மார்ச் 9

அவருக்கு அடிபட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேக்னட்டோவைக் கழற்றித் துடைத்து மாட்டியது அண்ணன்தான். வேறு எங்கிருந்தோ போன் வந்தது, "காலையில வந்து ஓட்டிப் பாத்துக்கலாம்" என்று கிளம்பினான். காலையில் அவன் வருவதற்குள் இவர் வண்டியைத் தயாராக்கப் போயிருக்கிறார். எந்நாளும் செய்வதுதான் — சுவிட்சை அணைத்துவிட்டு மெதுவாக இரண்டு சுற்று, பெட்ரோல் உள்ளே போக. பிறகு சுவிட்சைப் போட்டு ஒரே இழுப்பு. அந்த மெதுவான முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்து, ஹேண்டில் திரும்பி வந்து நெற்றிப் பொட்டில் அடித்தது.

முதலில் ஓடிப் போய்த் தூக்கியவன், அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர்கள் எல்லாரிடமும் அவன்தான் சொன்னான்: "சுவிட்ச் ஆன்லயே இருந்துச்சு. மறந்துட்டாரு."

மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். நான் அவர் காதோரம் குனிந்து என்ன சொன்னேன்? "இதக்கூடவா மறப்பீங்க?"

அதுதான் நான் கடைசியாகச் சொன்னது. அவருக்குக் கேட்டிருக்குமோ? கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்கவே கூடாது.

மார்ச் 12, வியாழன்

பட்டறை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான், தாடியும் அதுவுமாக. நட்டையும் வாஷரையும் அவன் முன்னால் வைத்தேன்.

"எங்க இருந்துச்சு?" என்றான்.

"நீ வச்ச எடத்துலதான்."

நட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்குச் சுவிட்ச் ஆன்ல இருந்துச்சா, ஆஃப்ல இருந்துச்சா?"

"ஆஃப்."

"அப்புறம் ஆன்ல இருந்துச்சுன்னு சொன்னது?"

"அவரைத் தூக்கும்போதே சுவிட்சைப் பாத்துட்டேன். ஒயர் மாட்டலங்கிறது அப்பவே ஞாபகம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லிட்டுத் திரும்பக் கொட்டகைக்குள்ள போயி… நாந்தான் ஆன் பண்ணி வச்சேன்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்கும் தெரியாது.

நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "நட்டு மாட்ட மறந்துட்ட, சரி, நீயும் மனுஷன்தான். கைய நீட்டிச் சுவிட்சைப் போட்டியே, அதுவும் மறதியா?"

"உன் மூஞ்சில முழிக்க முடியாதேன்னு பயந்துட்டேன்."

"அதுக்காகச் செத்தவர் மேல போட்டுட்டியா? ஊரே அவரை அஜாக்கிரதைன்னு பேசுச்சு. நான் பேசினேன்டா. நான் பேசினேன்!"

அண்ணனை 'டா' போட்டுப் பேசியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அவன் தலை நிமிரவில்லை. நட்டையும் வாஷரையும் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னேன்: "என் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ போயி, நேர்ல சொல்லு. யார் யார்கிட்ட அந்தப் பொய்யச் சொன்னியோ, அத்தனை பேர்கிட்டயும் சொல்லு."

மார்ச் 13

தூங்கி எழுந்ததும் அவனைப் பற்றித்தான் முதல் நினைப்பு. நாலு மாசம் எப்படித் தூங்கியிருப்பான்? அப்புறம், தூங்காமல் இருக்கட்டுமே என்று தோன்றியது. இரண்டும் என் மனசுதான்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் பேசினாள். பரீட்சை, ஹாஸ்டல் தண்ணீர், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை. அவன் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 19

மண் இறுகிவிட்டது. மண்வெட்டி போட்டால் கை அதிர்கிறது. இந்த மழை போச்சு.

மார்ச் 22, ஞாயிறு

போயிருக்கிறான். ஆறு மணி நேரம் பஸ்ஸில். ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மகள் அழாமல் பேசினாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா அழுதாரும்மா. நான் ஒண்ணும் சொல்லல. கேட்டைச் சாத்திட்டு உள்ள வந்துட்டேன்."

"சரி."

"இனிமே அவர் பேச்சை எங்கிட்ட எடுக்காதம்மா."

"சரி."

அப்புறம், போனை வைக்கப் போகிறவள் மாதிரி இருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அப்பா மறக்கலதானே?"

"இல்லம்மா. மறக்கல."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மார்ச் 26

பக்கத்துத் தோட்டக்காரர் தானாகவே வந்து வாசலில் நின்றார். அண்ணன் அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். "நாங்கூட ஏதேதோ பேசிட்டேம்மா" என்று துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அவருடைய சட்டைகளை எடுத்து மடித்து வைத்தேன். நவம்பரிலிருந்து கொடியிலேயே கிடந்தவை. "நீங்க அணைச்சிருக்கீங்க" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். நாலு மாசம் லேட்.

ஏப்ரல் 10, வெள்ளி

நேற்றிரவு முழுக்க மழை. பாயிண்டைத் துடைத்தேன், ஒயரையும் பிளக்குகளையும் மாட்டினேன், எல்லாம் தயார். ஹேண்டிலை ஒரே இழுப்பாக இழுக்க என் தோளில் வலு இல்லை. மூன்று தடவை முயன்று, இன்ஜின் இருமியதோடு சரி.

அண்ணனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். "நாளைக்கு வா" என்றேன். மன்னித்துவிட்டேனா? இல்லை. என் தோள் போதவில்லை, அதுதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 11, சனி

வந்தான். இளைத்துப் போயிருக்கிறான். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான். "வா" என்று சொல்ல வேண்டியிருந்தது. நேற்று நான் மாட்டிய ஒயரை அவனுக்காகவே கழற்றி வைத்திருந்தேன். நட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். மாட்டினான். முறுக்கி முடித்ததும் நான் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அவன் கண் முன்னாலேயே. பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்துச் சுற்றச் சொன்னேன். பொறி இல்லை. இன்னொரு தடவை என்றேன். சுற்றினான். இல்லை.

அவன் கோபப்படவில்லை. நானும் சமாதானம் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலிருந்து உழுகிறான். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது மகள் போன் வந்தது.

"என்னம்மா சத்தம்?"

"வண்டி. உழவு நடக்குது."

"நம்ம வண்டியா? யாரு ஓட்றா?"

பேச்சை எடுக்காதே என்று சொல்லியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"சுவிட்சை அணைச்சா நிக்குதான்னு பாத்தியாம்மா?" என்றாள்.

"பாத்தேன். நின்னுச்சு."

"அவரையும் பாத்துக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.