முப்பத்தொன்றின் வெறுந்தட்டு

மார்ச் 4

இன்று மானம் போயிற்று. முப்பத்தொன்றாம் எண் நோயாளியின் வெறுந்தட்டில் பொட்டுப் பொட்டாகக் கிருமி வளர்ந்திருந்தது.

கல்லீரல் கெட்டுப்போனவர்களின் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, கிருமியோடு கலந்து, எத்தனையைக் கொல்கின்றன என்று பார்க்கிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தட்டில் அவருடைய அணுக்களை மட்டும் வைப்போம், கிருமி சேர்ப்பதில்லை. அதுதான் வெறுந்தட்டு. அது கடைசிவரை சுத்தமாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் செய்தவர் கை அழுக்கு என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆய்வகத் தலைவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, கையக் கழுவுற வழக்கம் உண்டா?" என்னைப் போய்! இத்தனை வருடத்தில் என் வெறுந்தட்டில் ஒரு பொட்டு கிடையாது. கொண்டுபோய்க் கிருமி கொல்லும் கொதிகலனில் போட்டேன்.

மார்ச் 6

அத்தானின் ஸ்கேன் வந்துவிட்டது. கல்லீரலில் புற்றுக்கட்டி எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் திகில். அக்கா போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

மாலையில் போய்ப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். "என்ன டாக்டரம்மா, என் ரத்தத்த வச்சுப் பொழப்பு நல்லா ஓடுதா?" அவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கிறார். எந்த எண் என்று நர்ஸுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கக்கூட இப்போது காலில் வலு இல்லையாம். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது.

"காய்ச்சல் அடிக்குதா?" என்றேன்.

"தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. கட்டி இல்லைன்னு சொல்லிட்டாங்க. நீ வேற எதையாவது கிளப்பாம சும்மா இருடி," என்றாள் அக்கா.

சும்மா இருந்தேன்.

மார்ச் 18

மறுபடியும். அதே முப்பத்தொன்று.

மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தேன். புதுக் கையுறை, புதுக் கரைசல். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? உதவியாளரைப் பிடித்துக் கத்தினேன் — நீதான் மூடியத் திறந்து போட்டிருப்ப! பாவம், அவள் நேற்று முழுக்க விடுப்பு.

தலைவர் வருவதற்குள் தட்டைக் கொதிகலனில் போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 19

கையை மோந்து மோந்து பார்க்கிறேன். பைத்தியமாடி உனக்கு?

ஏப்ரல் 2

மூன்றாம் முறை. இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை. அன்று செய்த எல்லா நோயாளிகளின் வெறுந்தட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் பளிச்சென்று சுத்தம். முப்பத்தொன்றில் மட்டும் அதே சாம்பல் நிறப் பொட்டுகள்.

அழுக்குக் கை என்றால் எல்லாத் தட்டையும்தானே தொட்டிருக்கும்? ஒரே ஆளையா தேடித் தேடிப் போகும்?

என் கையிலிருந்து வரவில்லை. அந்த ஆளின் இரத்தத்திலேயே இருக்கிறது.

தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், ஒளித்ததையும் சேர்த்து. திட்டவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டார். பதிலைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். "உக்காரும்மா," என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. இவர் ஒருநாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

ஏப்ரல் 5

அத்தானை வார்டில் சேர்த்தாயிற்று. குடலில் வாழ்கிற கிருமியாம். இரத்தத்தில் இறங்கி இதய வால்வில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இந்தக் கிருமி ரத்தத்துல வந்தா குடலப் பாக்காம விடக்கூடாது," என்றார் டாக்டர்.

கல்லீரல் கெட்டவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் கிருமி பரவும். இதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவள் நான். நானேதான்! அந்த ஸ்வெட்டருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9

குடலில் புற்றுக்கட்டி. ரொம்பச் சின்னது. "இவ்வளவு ஆரம்பத்துல கிடைக்கிறதே அபூர்வம். எடுத்துட்டா முடிஞ்சுது," என்றார் டாக்டர். அக்கா கும்பிட்டாள். டாக்டர் அவள் கையை அமர்த்தினார். "ஆனா கிருமி வால்வ அரிச்சிடுச்சு. இந்த இதயத்தையும் கல்லீரலையும் வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது. முதல்ல கிருமி அடங்கணும்."

"எப்பலேருந்து டாக்டர் இது?" என்றாள் அக்கா.

"ஒரு மாசமாவது இருக்கும். அப்பவே தெரிஞ்சிருந்தா..."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் மட்டும் சிரித்தார். "பாத்தியா டாக்டரம்மா? கட்டிகூட நம்மகிட்ட மரியாதையா முன்னாடியே சொல்லிட்டு வருது."

ஏப்ரல் 14

வார்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் அக்கா என் கையைப் பிடித்துக் காட்டுகிறாள். "என் தங்கச்சி கண்டுபிடிச்சது. ராசியான கை."

சொல்லிடணும். இன்னிக்கு வேண்டாம். அத்தான் கொஞ்சம் எழுந்து உட்காரட்டும்.

ஏப்ரல் 20

அத்தானுக்குக் காய்ச்சல் இல்லை. பேச்சும் இல்லை.

மே 16

அத்தானின் காரியம் முடிந்ததும், வீட்டில் நின்ற பயிற்சி வண்டியைப் பள்ளியில் திருப்பிக் கேட்டார்கள். அத்தான் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம், அவர்களைச் சொல்லி என்ன? கொண்டுபோய் விடக் கிளம்பியபோது அக்காவும் கூட வந்தாள். நான் ஓட்டினேன். அவள் அவருடைய இருக்கையில் உட்கார்ந்தாள். முன்னால் கிடந்த அவருடைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, பையில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், "நீ மனசப் போட்டு உழப்பிக்காதடி," என்றாள். "உன்னாலதான் இவ்வளவாவது தெரிஞ்சுது. இல்லைன்னா என்னன்னே தெரியாம போயிருப்பாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ வந்துச்சுக்கா. என் கை அழுக்குன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டாவது தடவ யாருக்கும் தெரியாம போட்டேன்."

நடுச்சாலையில் வண்டி குலுங்கி நின்றது. நான் மிதிக்கவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். அக்காவின் கால் அத்தானின் பிரேக்கில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.