மணி ஓய்ந்த பெரிய வெள்ளி

கொட்டாஞ்சேனை,
02.04.2008

அன்பின் யோசெப்பின்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து பிந்தித்தான் வருகிறது, ஏற்றுக்கொள்ளும். அன்றைக்கு நீர் எடுத்த போனுக்குப் பக்கத்து வீட்டு மயிலம்மா அக்கா பதில் சொல்லி, நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று உம்மை அழ வைத்தது தெரியும். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். அக்காவின் இடியப்பமும் சொதியும் நேரத்துக்கு வருகின்றன. போனில் கதைத்தால் நான் குறுக்கே விழுந்து வேறு கதைக்குப் போய்விடுவேன், நீர் கோபித்து வைத்துவிடுவீர். அதனால் நீர் சொன்னபடியே கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். நீர் இத்தாலிக்கு வேலைக்குப் போன பிறகு இன்சுலின் ஊசியை நான் கோயில் மணியோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். போனில் அலாரம் வைத்தால் அது அடிக்கும், நான் நிறுத்துவேன், நிறுத்தியதும் ஊசி போட்டாயிற்று என்று மனம் நம்பிவிடும். கோயில் மணியை என் கையால் நிறுத்த முடியாதே. காலையிலும் மாலையிலும் திரிகால மணி கேட்டதும் ஊசி, பிறகு செபம், பிறகு சாப்பாடு. நல்லாய்த்தான் ஓடியது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

நான் பிறந்த நாளிலிருந்து கத்தோலிக்கன். பெரிய வியாழன் பூசையோடு மணி ஓய்ந்துவிடும், இனி உயிர்ப்புப் பூசையில்தான் அடிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் மணி இல்லையென்றால் ஊசியும் இல்லை என்பதை ஒரு கணமும் யோசிக்கவில்லை. பெரிய வெள்ளி முழுக்க ஊசி இல்லை. வெயிலில் சிலுவைப் பாதையில் நடந்தேன். தாகம் என்றால் அப்படியொரு தாகம். ஆண்டவருடைய பாடுகளில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று உருகிக்கொண்டு, கோயிலில் கொடுத்த கஞ்சியைக் கோப்பை கோப்பையாகக் குடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் குசினித் தரையில் கிடந்தேன்.

அக்கா இடியப்பத் தட்டைத் திருப்பி வாங்க வந்தவர், என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டிருக்கிறார். ஆமர் வீதியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டை வழக்கம்போல வீட்டு மேசையில். வாய் குழறித் தள்ளாடுகிற, அட்டையில்லாத ஒரு தமிழன். ஆமிக்காரர் என்னைக் கீழே இறக்கப் பார்த்தார்களாம். அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மே மகே மல்லி. தியவெடியாவ. மெரெனவா" என்றிருக்கிறார். இது என் தம்பி, சீனி வருத்தம், சாகிறான் என்று. ஒரு சிப்பாய் முன்னால் நின்ற வாகனங்களை ஒதுக்கி வழி விட்டானாம். அவன் எந்த ஊரானோ, அவனுக்காகத் தினமும் செபிக்கிறேன். அக்கா சொன்ன உறவையும் இனி மாற்ற விடமாட்டேன்.

கோபம் ஆறியதும் எழுதும்.

உமது
ஒஸ்வால்ட்


மிலான்,
15.04.2008

என் அன்பின் இவருக்கு,

கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கடிதமே வராது, அதனால் எழுதுகிறேன். மயிலம்மா அக்காவிடம் போனில் நன்றி சொல்லப் போய் அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். நல்ல தொலைபேசி அழைப்பு.

கடல் கடந்து வந்து, முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாவுக்கு நான் நேரம் தவறாமல் ஊசி போடுகிறேன். அவருடைய மகள் என் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள். அங்கே என் மனிதர் மணி அடிக்கவில்லையென்று தரையில் கிடக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நான் ஜூன் கடைசியில் வருகிறேன். வதிவிட அனுமதி செப்டம்பருக்குப் பிறகு கிடைத்துவிடும் என்றுதான் வக்கீல் சொல்கிறார். இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். போகட்டும். உயிரைவிடப் பேப்பர் பெரிதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் உங்களுக்கு நோகும். இங்கே வந்த புதிதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் என்ன தெரியுமா? நித்திரை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஊசி போட்டாரா, சாப்பிட்டாரா, அடுப்பை அணைத்தாரா, அட்டையை எடுத்தாரா என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்தவள் நான். இங்கே இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்கினேன். திரும்பி வந்தால் அந்தக் காதை மறுபடி திறக்க வேண்டும் என்று நினைக்கவே களைப்பாக இருக்கிறது. நீங்கள் கெட்ட மனிதராக இருந்திருந்தால் நன்றாகச் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். உங்களைப் போல அன்பான ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஆனாலும் வருகிறேன்.

யோசெப்பின்


கொட்டாஞ்சேனை,
11.05.2008

அன்பின் யோசெப்பின்,

உம்முடைய கடிதத்தை நடுவில் எழும்பாமல் முழுக்க வாசித்தேன். அந்தக் காது விசயம் நோகவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் சொன்னதற்கு நன்றி. நீர் சொல்லாவிட்டால் நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

இனி இங்கத்தைப் புதினம். வார்ட்டில் இருந்தபோது எல்லா டொக்டர்மாரும் ஏசினார்கள், ஒருவர் மட்டும் ஏசவில்லை. நான் கட்டிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பதையும், அவர் கேள்வியை முடிக்க முன்னம் பதில் சொல்வதையும், கிளினிக் அட்டையை அங்கேயே தொலைத்ததையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனநல டொக்டரிடம் துண்டு எழுதித் தந்தார். எனக்கென்ன பைத்தியமா என்று சண்டை பிடித்தேன். அக்காதான், "போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி, பைத்தியமுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க" என்று அனுப்பினார்.

அந்த டொக்டர் ஒரு பெண். ஊசியைப் பற்றிக் கேட்கவேயில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். கூரையில் புறா நடந்தால் என் பாடம் முடிந்தது என்றும், அதற்காகவே படிப்பித்த பிறதர் என்னைக் கரும்பலகைக்குக் கீழே இருத்தினார் என்றும் சொன்னேன். வேலையைக் கேட்டார். துறைமுகத்தில் சாமான் இறக்கி எடுத்துக் கொடுக்கும் கந்தோரில் ஓடித் திரிகிற வேலை, கதிரையில் இருக்கச் சொன்னால் மாத்திரம் எல்லாம் பிழையாய்ப் போகும் என்றேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுக் கதைத்த பிறகு பெயர் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்று இங்கிலீசில் நாலு எழுத்து. சின்னப் பிள்ளைகளுக்கென்று நினைக்கிறோம், அது பெரியவர்களோடும் கூடவே வளருமாம். எனக்குக் கவனம் இல்லாமலில்லை, அதை ஓரிடத்தில் பிடித்து வைக்கத்தான் என்னால் முடிகிறதில்லை. அக்கறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அழுத்திச் சொன்னார். சீனி வருத்தமோ ஒரே வேலையை ஒரே நேரத்தில் ஒவ்வொரு நாளும் செய் என்கிறது. அது கேட்பதெல்லாம் என்னிடம் இல்லாத சாமான்.

பிறகு என் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"இவ்வளவு வருசம் சீனியோட இருந்திருக்கிறீங்கள். கண், கால், கிட்னி எல்லாம் நல்லா இருக்கு. இந்தக் குணத்தோட அது லேசில்லை. ஆர் பாத்தது?"

"என்ர மனிசி" என்றேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசெப்பின், உம்முடைய நித்திரையைத் தின்றுதான் என் கண்ணும் காலும் இத்தனை வருடம் நன்றாக இருந்திருக்கின்றன. நான் அதை உம்முடைய முணுமுணுப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஜூனில் வர வேண்டாம். கவனத்தைப் பிடித்து வைக்கிற மருந்தென்று குளிசை தொடங்குகிறார்கள். உமக்குப் பேப்பர் கிடைக்கும்வரை நான் விழாமல் இருந்து காட்டுகிறேன். ஊரில் குண்டும் குறையவில்லை, சோதனையும் குறையவில்லை. அடையாள அட்டையை இப்போது மாதாவின் உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். இனி அதை மறக்க வேண்டுமென்றால் கழுத்தை மறக்க வேண்டும்.

உமது
ஒஸ்வால்ட்


மிலான்,
08.06.2008

என் அன்பின் இவருக்கு,

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை விழுந்தீர்கள் என்று அக்கா வாயால் கேட்டால் பேப்பரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன்.

"அக்கறை இருந்தால் மறப்பீர்களா" என்று எத்தனை தரம் உங்களைக் கேட்டிருப்பேன். அது அக்கறையில்லாததால் அல்ல என்று ஒரு டொக்டர் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது. அந்த வரியை வாசித்துவிட்டு இங்கே குசினியில் நின்று அழுதேன். வயதான அம்மா பயந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். பாவம், பாதியை நிலத்தில் ஊற்றிவிட்டார்.

அந்தக் குளிசை பசியைக் கெடுக்குமாம், இங்கே மருந்துக் கடையில் விசாரித்தேன். ஊசியும் போட்டு, பசியில்லையென்று சாப்பிடாமலும் விட்டால் சீனி விழுந்துவிடும். டொக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது. டொக்டரும் குளிசையும் மயிலம்மா அக்காவும் சேர்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டால், இனி யோசெப்பின் எதற்கு? களைப்பென்று எழுதினவளும் நான்தான், இதைக் கேட்பவளும் நான்தான். சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.

யோசெப்பின்


கொட்டாஞ்சேனை,
24.08.2008

அன்பின் யோசெப்பின்,

பதில் பிந்தியதற்கு மன்னிப்பு. எழுதினேன், ஒட்டினேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இது இரண்டாவது. குளிசை எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்று டொக்டர் முதலிலேயே சொன்னவர்தான். குடை போய்விட்டது. கந்தோர்ச் சாவி இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

நீர் பயந்தது நடந்தது. மறைக்கலாமோ என்று யோசித்தேன், மனம் கேட்கவில்லை. குளிசை தொடங்கிய புதிதில் பசியே இல்லை. ஊசி போட்டேன், சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். துறைமுக வாசலில் கை நடுங்கத் தொடங்கியது. ஆனால் விழவில்லை, யோசெப்பின். இது சீனி இறங்குகிற நடுக்கம் என்று எனக்கே பிடிபட்டது. பொக்கெற்றில் இருந்த டொபியைச் சப்பிக்கொண்டு, சங்கிலியண்ணனின் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பணிஸ் சாப்பிட்டுக் குந்தியிருந்தேன். அன்றைக்கே டொக்டரிடம் போனேன். குளிசையைக் குறைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் குளிசை என்று முறை மாற்றினார். அதற்குப் பிறகு நடுக்கம் வரவில்லை.

இப்போது ஏற்பாடு இதுதான். காலைக்கும் மாலைக்குமான ஊசிகள் இரண்டும் ஒரு கண்ணாடிக் கிளாசில் சாப்பாட்டு மேசையில் நிற்கும். போட்டது டின்னுக்குள் போகும். கிளாசில் இரண்டும் நின்றால் காலை ஊசி போடவில்லை, ஒன்று நின்றால் மாலை ஊசி பாக்கி, ஒன்றும் இல்லையென்றால் இரண்டும் போட்டாயிற்று. ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை, கண் போதும். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டொக்டர் என் கையைக் குலுக்கினார். எனக்கு உம்முடைய கையைக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

இனி உம்முடைய கேள்வி. சிரிக்கவில்லை.

ஊசிக்கு நீர் வேண்டாம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கவும் வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சுவாமியின் பிரசங்கம் நீளம் என்று நீர் முணுமுணுப்பீரே, அதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை. நான் பிழையான சுரத்தில் பாடினால் முழங்கையால் இடிக்கவும் ஆளில்லை. பகிடி சொல்லிவிட்டு யார் முகத்தைப் பார்ப்பது? நீர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்து கதைத்ததே குறைவு என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஊசிக்காக வராதேயும். என்னோடு இருக்கப் பிரியமென்றால் வாரும். இல்லையென்றால் அங்கேயே நன்றாகத் தூங்கும். மெத்தக் கவலைப்படுவேன், கோபப்படமாட்டேன். நீர் எனக்குச் செய்தது ஒரு சீவியத்துக்குப் போதும்.

உமது
ஒஸ்வால்ட்


மிலான்,
29.10.2008

என் அன்பின் இவருக்கு,

வதிவிட அனுமதி கையில் கிடைத்துவிட்டது. இனிப் போகலாம், வரலாம். வக்கீலுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். மயிலம்மா அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன், கொட்டாஞ்சேனை வெயிலில் அவர் அதை என்ன செய்வாரோ தெரியாது.

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துத் திரிகிறேன். பதினெட்டு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலும் சொன்னதிலும் இதுதான் நல்லது. "பிரியமென்றால் வாரும்" என்று கல்யாணத்துக்கு முதல்கூட யாரும் என்னைக் கேட்கவில்லை, பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். பிரியம்தான், வருகிறேன். உங்களுக்கும் நன்றி, விழாமல் இருந்ததற்கு மட்டுமில்லை, விழப் பார்த்ததை மறைக்காமல் எழுதியதற்கும்.

பாலன் பிறக்கும் நத்தாருக்கு அங்கே நிற்பேன். புது வருடத்துக்குப் பிறகு நான் திரும்ப இங்கே வருவதா, அங்கேயே இருப்பதா என்பதை இரண்டு பேரும் இருந்து கதைத்து முடிவெடுப்போம். உங்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் உங்களிடம் வருவது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியாத புதுப்பெண் மாதிரி இருக்கிறது.

டிசம்பர் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலையில் விமானம் கட்டுநாயக்காவுக்கு வருகிறது. வழியெல்லாம் சோதனை இருக்கும், வெளியில் எதுவரை நிற்க விடுவார்களோ அதுவரை வந்து நில்லுங்கள்.

மறந்துவிடாதீர்கள் என்று எழுதப் பேனையைத் தாளில் வைத்தேன். எழுதவில்லை.

உங்கள்
யோசெப்பின்