லிங்கநகர்க் கண்ணாடி

டொக்டர்,

இரண்டு நாளாக எனக்குக் கண்நோய். சிவந்த கண்ணோடு வெளியே போனால் குடித்திருக்கிறான் என்று கதை கட்டுவார்கள். நானே கதை கட்டும் தொழில் செய்பவன் என்பதால் தெரியும். அதனால் அலுமாரியில் கிடந்த உங்கள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த மீன்காரக் கிண்ணியா நானா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கிளாக்கர், லிங்கநகர்ப் பயணமா?"

பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊரில் இன்றைக்கும் எவன் கறுப்புக் கண்ணாடி போட்டாலும் இதே கேள்விதான். கதையைக் கட்டியவன் நான், கதாநாயகன் நீங்கள். கேட்டுச் சிரிக்க நீங்கள்தான் இல்லை.

நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது செங்கமாரியை, அந்த மஞ்சள் காமாலையை, ஆராய. அது யாருக்குச் சுகமாகி மாறிப்போகிறது, யாருக்கு உள்ளேயே தங்கி ஈரலைத் தின்கிறது என்று அறிய வேண்டும் உங்களுக்கு. ஆனால் செங்கமாரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தானே? கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வீட்டுக்குள் படுத்திருப்பார்கள். அவர்களைத் தேடித்தான் நான் கிளாக்கராக இருந்த துறைமுகக் கந்தோருக்கு வந்தீர்கள்.

"ஐசே, ஊரிலை ஆருக்கு என்ன எண்டாலும் முதல் உமக்குத்தான் தெரியுமாமே."

"அபாண்டம், டொக்டர். என்ரை மனுசிக்குத்தான் முதல் தெரியும்."

ஆனால் மூக்கு என்னுடையது. செங்கமாரி வீட்டில் பத்தியத்துக்காக எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. நேற்றுவரை மீன் பொரித்த குசினியில் இன்றைக்கு மணமில்லையென்றால் உள்ளே யாரோ மஞ்சளாகப் படுத்திருக்கிறார். பின்னேரங்களில் தெருத்தெருவாக நான் மோந்துகொண்டு நடக்க, பின்னால் நீங்கள் ஊசிப் பெட்டியோடு வருவீர்கள். ஒரு வீட்டில் செங்கமாரி இல்லை. மாமிக்கும் மருமகளுக்கும் சண்டை, இருவரும் சமைக்கவில்லை. "இதுக்கு என்னட்டை மருந்தில்லை" என்று பெட்டியை மூடினீர்கள். மற்ற வீடுகளில் எடுத்த இரத்தக் குப்பிகள் மீன் ஐஸில் படுத்தபடி கொழும்பு ரயிலேறின.

கட்டைபறிச்சானில் இரத்தம் எடுக்கையில் ஒரு முரட்டு மனிதர் கையை உதறியபோது அதே ஊசி உங்கள் பெருவிரலில் ஏறியது. "ஒண்டுமில்லை" என்று கழுவினீர்கள். கடல்வழி திரும்பும் லோஞ்சில் வழமைபோல என்னைக் கதைக்கவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். சிரிக்கத்தான் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் உங்கள் குவாட்டஸுக்கு வந்தேன். பொரித்த மீன் இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காது. அன்றைக்குக் குசினியில் புகை இருந்தது, மணம் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ளுக்கு வாரும். மோந்திட்டீர் போலை."

கண்ணின் வெள்ளை மஞ்சளித்திருந்தது.

"கொழும்புக்குப் போங்கோ, டொக்டர்."

"போனால் திரும்பி விடமாட்டினம். ஆக்களிட்டை இரண்டாந்தரம் இரத்தம் எடுத்தால்தான் ஆருக்கு மாறினது, ஆருக்குத் தங்கினது எண்டு தெரியும். ஊசியை நேர்ஸ் மிஸ்ஸி பிடிப்பா, நான் தொடமாட்டன். ஆனா டொக்டருக்கே செங்கமாரி எண்டால் ஆர் ஐசே கை நீட்டுவினம்? உம்மடை வாயை மட்டும் கொஞ்சம் மூடி வையும்."

என் வாயை மூடுவதைவிடக் கோணமலையை நகர்த்துவது சுகம். மூட ஏலாத வாயை வேறு கதையால் நிரப்பினேன். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டீர்கள். நான் தேத்தண்ணிக் கடையில் ஒருவரிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன்: லிங்கநகரில் ஒரு டீச்சர், டொக்டர் பார்ப்பது அவவுக்குத் தெரியக்கூடாதென்றுதான் கண்ணாடி. பொழுதுபடுமுன் கதை ஊர் தாண்டிப் புல்மோட்டைக்குப் போய்விட்டது. கண்ணாடியைப் பார்த்தவர்கள் கண்ணைத் தேடவில்லை. "மாப்பிள்ளை டொக்டர்" என்று சிரித்துச் சிரித்துக் கை நீட்டினார்கள்.

"ஏன் ஐசே லிங்கநகர்? எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாதே."

"அதுதான் வசதி, டொக்டர். மறுத்துச் சொல்ல ஆளில்லை."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிடித்தது சிரிப்பாலா நோவாலா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. "இதிலை என்ரை மூக்கு எங்கை?" என்று கேட்டேன். ஒரு வரியில் விரலை வைத்துத் தமிழில் சொன்னீர்கள்: "நோயாளர் வீடுவீடாகத் தேடிக் கண்டறியப்பட்டனர். இதுதான் ஐசே, உம்மடை மூக்கு." அதற்குப் பிறகே கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டுக் கொழும்புக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. உங்களுக்கு வந்தது தங்குகிற வகை. அது எங்கே போய் முடியும் என்று எழுதியவரே நீங்கள்தானே.

இன்று பாரையைச் சுற்றித் தரும்போது நானா கேட்டார்: "அந்த டீச்சர் புள்ள பிறகு என்ன ஆச்சு?"

"இன்னும் வழி பாத்துக்கொண்டுதான் இருக்கிறாவாம்" என்றேன். மீன் பொதியை வாங்கி, கண்ணாடியை மூக்கில் மேலே ஏற்றிவிட்டு நடந்தேன்.

மோந்துகொண்டு நடக்கும் பழக்கம் என்னை விடவில்லை. உங்கள் குவாட்டஸில் இப்போது வேறொரு டொக்டர், சின்னப் பிள்ளைகளோடு. குசினி யன்னல் நேரே வந்ததும் கால் தானாக நிற்கும். சட்டியில் மீன் விழும் சத்தம் கேட்டு, மணம் மதில் தாண்டி வந்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.