அட்டையில் இருக்கும் பெயர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடக்கவில்லை, எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருக்கிறது. நீயாவது நலமாக இரு.

வெளிநாட்டிலிருந்து நீ பணம் அனுப்புவதற்குப் போன மாதம் ஒரு ஆப், அதற்கு முந்தின மாதம் இன்னொன்று. இதில் கட்டணம் குறைவு, அதில் ரூபாய்க்கு மாற்றுகிற ரேட் கூடுதல், மற்றதில் முதல் தடவை இலவசம் என்று சட்டை மாற்றுவது போல மாற்றுகிறாய். உனக்கு ஒரு விரல் அசைந்தால் போதும், நாயாக அலைகிறவள் நான். இந்தத் தடவை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற செல்போன் கடையில் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பணம் என்று உனக்கு நன்றாகத் தெரியும். புதன்கிழமை, பாதி தைத்த பள்ளிச் சீருடையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஒன்றரை மணி நேரம் வரிசை. கடைக்காரர் என் அடையாள அட்டையையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தையலம்மான்னு போட்டிருக்கு, அட்டையில வேற பேரு இருக்கேம்மா" என்றார். தெருவே என்னைக் கூப்பிடுகிற பெயரை அப்படியே அடித்து அனுப்பியிருக்கிறாய். அது நான்தான், என் மகன் அனுப்பியது என்றேன். "பெத்த பிள்ளைக்கு அம்மா பேரு தெரியாதா" என்று அவர் கேட்க, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பணம் உன்னிடமே திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி ஆறு வாரம் கழித்துத்தான் நாள் தருவார்களாம். உன் அப்பாவோ, "விடு, அவனுக்கு என்ன வேலையோ" என்று உனக்கு வக்காலத்து வாங்குகிறார், வாங்கிக்கொண்டே டம்ளருக்குப் பக்கத்தில் மேஜை மேல் தண்ணீரை ஊற்றுகிறார்.

இனிமேல் கடைத்தெருவில் இருக்கிற அந்தப் பழைய மணி டிரான்ஸ்பர் கவுண்டருக்கே அனுப்பு. கட்டணம் கூடுதல்தான், மூன்று நாள் ஆகும்தான். ஆனால் அதில் பணத்தை எடுக்கச் சொல்ல வேண்டிய ரகசிய நம்பர் உனக்குத்தான் வரும், நீ போன் பண்ணி ஒவ்வொன்றாக வாசிப்பாய், நான் கையில் இருக்கிற துணியிலேயே சாக்குக்கட்டியால் எழுதிக்கொள்வேன். இந்த ஆப்கள் வந்ததிலிருந்து நம்பர் என் போனுக்கே தானாக வந்துவிடுகிறது. உன் குரல் கேட்டு நான்கு மாதம் ஆகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். கவுண்டரிலும் பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதே. அட்டையில் இருக்கிற பெயரை இங்கே எழுத மாட்டேன். போன் பண்ணிக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா