மாவுக் கையோடு போட்ட கையெழுத்து

மார்ச் 11
நோன்பு பதினொன்று. சமூசாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது இவர் ஒரு தாளை நீட்டினார். காஸ் இணைப்புக்கு மனுவாம். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பூசணிக்காய் இரண்டுதான் மிச்சம்.

மார்ச் 19
நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை. அஞ்சல்வழி அரபிப் படிப்பில் இருக்கிற எங்களுக்கும் ஸாபிரா ஆசிரியை பாடம் அனுப்பமாட்டார். பதிலுக்கு ஒரு அரபி நாவல் படிக்க வேண்டும். 286 பக்கம். ஏப்ரல் 2 அன்று தாஷ்கண்டில் நேரில் கதை சொல்லிக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஜூன் தேர்வில் உட்காரலாம்.

பெண் கேட்டு வந்தபோது "படிக்க வைக்கிறோம்" என்றார்கள். பதினாறு வருஷம் கழித்துப் போன செப்டம்பரில்தான் சேர்ந்தேன். குறை சொல்லவில்லை. சேர்ந்துவிட்டேன் அல்லவா.

மார்ச் 20
நான்கு பக்கம். அகராதியில் பார்த்த சொற்கள் அறுபத்தொன்று. குர்ஆனைக் குறிகளோடு, அடுப்படியில் நின்றே ஓதிப் பழகியவள் நான். இதில் ஸபர், ஜேர் என்று எந்த உயிர்க்குறியும் இல்லை. வெறும் எழுத்துகள். ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நோன்பு திறக்கும்போது இவர் கேட்டார்: "இன்னைக்கு எத்தனை பக்கம்?" நான்கு என்றதும் தன் தட்டிலிருந்த கறியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மார்ச் 21
தெருவே கூடி நவ்ரூஸ் சுமலக், முளைக்கோதுமைக் களி, கிண்டினோம். என் முறை வரும்வரை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஹலீமா சும்மா இருப்பாளா. "முஅத்தர், படிச்சு முடிச்சிட்டு எங்களையெல்லாம் மக்காவுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போ. வழி கேக்க ஆள் வேணும்." எல்லாரும் சிரித்தார்கள். இவர் அம்மா, என் மாமி மட்டும் கிண்டுவதிலேயே கண்ணாக இருந்தார்.

மொத்தம் பதினைந்து பக்கம்.

மார்ச் 24
திறந்துகொண்டது! எப்படி என்று தெரியவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து கூலிக்குக் கடிதம் எழுதுகிற ஆளின் கதை. இன்று அகராதி இல்லாமலே பக்கம் பக்கமாக ஓடியது. ஓரிடத்தில் சிரித்தேன். அரபியில் சிரித்திருக்கிறேன்! நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதேன்.

இவர், "எத்தனை?" நான், "இதுவரை நூற்று நாற்பது." "அடேயப்பா," என்றார். மகள் நஸீபா எழுந்து போய்த் தேநீர் ஊற்றினாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லாமலே பொறுப்பு வருகிறது.

மார்ச் 26
நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

லுஹர் தொழுகைக்குப் பின் ஸாபிரா ஆசிரியைக்கு ஃபோன் செய்தேன். 203ஆம் பக்கத்தில் ஒரு பத்தி பிடிபடவில்லை. பொறுமையாக விளக்கினார். கடைசியில் கேட்டார், "முஅத்தர், நீங்கதான் விலகிட்டீங்களே, அப்புறமும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

விலகல் மனு வந்திருக்கிறதாம். என் கையெழுத்தோடு. குடும்பச் சூழ்நிலை காரணமாக. பதிமூன்றாம் தேதி நேரில் கொண்டுவந்து கொடுத்தார்களாம். பதிமூன்றாம் தேதிதான் இவர், தன் தம்பி அப்ராரின் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தாஷ்கண்ட் போனார்.

நோன்பாளி வாயைக் காக்க வேண்டும். நோன்பு திறக்கும் மக்ரிப் வரை காத்தேன். சூப் வைத்தேன், ரொட்டி பிய்த்து வைத்தேன். எல்லாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு கேட்டேன்.

"அது காஸ் மனு இல்லையா?"

இவர் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்தார். "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன."

"பெருநாள் முடிஞ்சு சொல்லலாம்னுதான் இருந்தேன். நோன்பு நேரத்துல உன் மனசு நோக வேணாமேன்னு."

மாமி ஒளிக்கவில்லை. "ஜூன்ல தேர்வுன்னு நாப்பது நாள் நீ அங்க போய் உக்காந்துட்டா, அப்ராருக்கு வர்ற பொண்ணைக் கல்யாணத் திரைக்குள்ள கூட்டிட்டுப் போறது யாரு? மூத்த மருமக எங்கன்னு கேட்டா, அரபி படிக்கப் போயிருக்கான்னு சொல்லவா? ஓதத் தெரியுதுல்ல, அது பத்தாதா?"

நஸீபா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"அத்தா சொல்ல வேணாம்னாங்கம்மா."

எல்லாருக்கும். ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, எல்லாருக்கும்.

"அப்புறம் ஏன் தினமும் எத்தனை பக்கம்னு கேட்டீங்க?"

கையிலிருந்த ரொட்டியை விரிப்பில் வைத்தார். பிறகு, "நீ சந்தோஷமா இருந்த. அதான்," என்றார்.

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

மார்ச் 27
அரபியில் ஒரு சொல்லுக்கு மூன்று தடவை அகராதி புரட்டுகிறவள், தாய்மொழியில் எட்டு வரி இருந்த தாளைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இவர் என்ன நினைப்பாரோ என்று. நம்பாதது போல ஆகிவிடுமே என்று. இந்தத் தெருவில் எந்த மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள்?

என் தப்பும் உண்டு. ஆனால் பாதிக்குமேல் என் பங்கு இல்லை. மீதியை நான் சுமக்கமாட்டேன்.

மார்ச் 28
படித்தேன். வேறென்ன செய்ய. 251.

மார்ச் 30
பெருநாள். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். புலாவ் போதியது. பெருநாள் வழக்கப்படி வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தேன் என்றேன். இவரிடமும் சொன்னேன். வாய்தான் சொன்னது. அல்லாஹ்வுக்குத் தெரியாதா.

மார்ச் 31
286. முடிந்தது.

"நாளன்னிக்குத் தாஷ்கண்ட் போறேன்," என்றேன்.

"யார் கூட?"

"ரயில்ல."

"போய்?"

"கதை சொல்லிட்டு வரணும்."

மாமி அடுத்த அறையிலிருந்து, "போகட்டும் விடு. கதவு சாத்தியிருந்தா தானா திரும்பி வருவா."

ஏப்ரல் 2
கதவு சாத்தியிருக்கவில்லை.

அலுவலகப் பெண் கோப்புகளைக் கிளறி என் மனுவை எடுத்தாள். நவ்ரூஸ், பெருநாள் என்று அடுத்தடுத்து விடுமுறை வந்ததில் உத்தரவு இன்னும் போடவில்லையாம். "திரும்பப் பெறணும்னா எழுதிக் குடுங்க. வீட்டுக்காரர் வந்திருக்காரா அக்கா?"

"மனு என் பேர்லதானே இருக்கு?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெள்ளைத் தாளைத் தள்ளினாள். நானே எழுதினேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு போட்டேன்.

ஸாபிரா ஆசிரியை ஐம்பது நிமிஷம் கேள்வி கேட்டார். 203ஆம் பக்கத்தைக் கேட்கவில்லை. தேறினேன்.

ரயிலில் அழுதேன். சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 3
வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். இவர் "ம்" என்றார்.

மே 29
தாஷ்கண்ட் போவதற்கு நஸீபா என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 14
விடுதி. ஆறு பேர் அறை. என்னைத் தவிர எல்லாரும் இருபது வயதுக்காரிகள்.

இன்று அப்ராருக்குக் கல்யாணம். எனக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மாமி ஊருக்குச் சொல்லியிருக்கிறார். பெண்ணைத் திரைக்குள் அழைத்துப் போக ஹலீமாவை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம்.

மூன்று மணிக்கு இவர் ஃபோன் செய்தார். பின்னால் மேளச் சத்தம்.

"பெரிய தாம்பாளம் பன்னெண்டும் எங்க வச்சிருக்க?"

"சரக்கு அறையில, மேல் தட்டு, பழைய மெத்தைக்குப் பின்னால. பதினொண்ணுதான் இருக்கும். ஒண்ணு ஹலீமா வீட்டுல."

"சரி."

ஃபோனை வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அப்போதும் வைக்கவில்லை.

நான்தான் வைத்தேன்.

அஸர் தொழுதேன். நாளைக் காலை பத்து மணிக்கு இலக்கணத் தேர்வு. படித்து வைக்க வேண்டிய கேள்விகளில் முப்பத்தேழாவதில் இருக்கிறேன்.